கோல்கீப்பரும் கூரையும்

கால்பந்து ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் கோல் போட்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவார்கள். கோலைத் தடுத்தவரின் பெயர் தோற்ற நாளில்தான் ஞாபகத்துக்கு வரும், அதுவும் வசவோடு. தடுத்த பத்துப் பந்துக்குக் கணக்கு இல்லை. விட்ட ஒரு பந்துக்கு மட்டும் கணக்கு உண்டு. வேலை சரியாக நடக்கும்வரை கண்ணில் படாத உழைப்பு எது என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்று எழுத எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை. அவர் அமெரிக்கர், பெயர் ஷெப் மெசிங். வெட்டவெளி மைதானத்தில் பெலேயோடு ஆடிப் பட்டம் வாங்கியவர். பிறகு கூரைக்குக் கீழே, சுவருக்குள்ளே ஆடும் உள்ளரங்கக் கால்பந்துக்கு வந்து நான்கு பட்டங்கள் வென்ற அணியின் கோலில் நின்றவர். இவ்வளவுதான் என்றால் இந்த இடத்தில் எழுதவேண்டிய அவசியம் இல்லை. விளையாட்டைத் தொழிலாக எடுக்கலாமா என்று யோசிக்கும் மாணவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் அவருடைய கதையின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கவேண்டும். மெசிங் தொழில்முறையில் ஆடிய அணிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒன்று விடாமல் எல்லாம் ஒரு நாள் இழுத்து மூடப்பட்டவை, அல்லது ஊரை விட்டுக் கிளம்பியவை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுவோம். நம் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உள்ளரங்கக் கால்பந்து என்றதும் ஃபுட்சாலை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஃபுட்சாலில் கோடு உண்டு. பந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும். அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டத்தில் கோட்டுக்குப் பதில் சுவர். ஐஸ் ஹாக்கி ஆடும் தளத்தின் மேல் செயற்கைப் புல் விரிப்பைப் போட்டு, சுற்றியுள்ள பலகைச் சுவரையும் அதன்மேல் நிற்கும் கண்ணாடித் தடுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆடுவார்கள். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். நம் கணக்கில் சொன்னால் 39 சென்ட். ஒரு முழுக் கால்பந்து மைதானம் ஒன்றே முக்கால் ஏக்கர் பிடிக்கும். இரண்டையும் மனதில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த 39 சென்டுக்குள் பக்கத்துக்கு ஆறு பேர், கோல்கீப்பரையும் சேர்த்து. பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முரட்டுத்தனம் செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே போய் உட்காரவேண்டும். அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். சுவரில் அடித்துத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே பந்து ஓய்வதே இல்லை.

அந்தத் தளத்தில் கோல்கீப்பரின் நிலைமை என்ன? கோல் சிறியதுதான். வெளி மைதானத்தில் 24 அடி அகலம், 8 அடி உயரம். அப்போதைய உள்ளரங்க லீக்கில் 12 அடி அகலம், ஆறரை அடி உயரம். காப்பதற்குச் சுலபம் என்று தோன்றும். ஆனால் அடிப்பவர் நிற்கும் தூரம் அதைவிடக் குறைவு. வெளியே ஓர் ஆட்டம் முழுக்க நாலைந்து பந்தைத் தடுத்தால் அது கோல்கீப்பருக்கு வேலை நிறைந்த நாள். உள்ளே அதைக் கால் மணி நேரத்திலேயே செய்துவிடவேண்டும். நேராக வரும் பந்தோடு முடியவில்லை. கோலுக்கு வெளியே போகிறது என்று விட்ட பந்து பின்சுவரில் மோதி எதிரணிக்காரர் காலடியிலேயே வந்து விழும். பந்து வரும் கோணத்தையும் திரும்பும் கோணத்தையும் ஒரே நேரத்தில் கணக்குப் போடவேண்டும். கேரம் ஆடியவர்களுக்கு இது புரியும்; வித்தியாசம் என்னவென்றால் இங்கே காய் முகத்துக்கு நேரே வருகிறது. விழுந்து எழுந்தால் விரிப்பு தோலை உரித்துவிடும். அதனால் இந்தக் கோல்கீப்பர்கள் நீளக் கால்சட்டையும் முட்டிக் கவசமும் போட்டார்கள்.

இன்னொரு வித்தியாசத்தை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். வெளி மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கிய கோல்கீப்பரை அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். உள்ளரங்கத்தில் ஆட்டத்துக்குச் சராசரி நான்கு கோல் வாங்கியவர் முதல்தரக் கோல்கீப்பர். 7-2, 6-5 என்பதெல்லாம் அங்கே சாதாரண முடிவுகள். வாங்கிய கோலை அந்த நொடியே மறந்து அடுத்த பந்துக்கு நிற்கத் தெரியவேண்டும். பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது. பிடித்த கையோடு ஓடும் ஆளுக்கு வீசவேண்டும். தாக்குதல் அவர் கையிலிருந்துதான் தொடங்குகிறது. கோல்கீப்பர் என்பவர் கடைசித் தடுப்பு என்று நாம் படித்ததை இந்த ஆட்டம் மாற்றி எழுதியது என்றே சொல்லலாம்.

மெசிங் 1949-ல் நியூயார்க்கில் பிறந்த யூதர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கோலில் நின்றவர். இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 1922-ல் அதே ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அவர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கவேண்டும் என்று வெளிப்படையாகவே முயன்றார். எதிர்ப்பு வந்ததும் அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள். பிறகு ‘குணநலன்’ என்று ஒரு தகுதியைச் சேர்த்து அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தார்கள். மதிப்பெண்ணில் முந்தியவரை மதிப்பெண்ணால் தடுக்க முடியாதபோது ‘தகுதி’ என்ற சொல்லுக்குப் புதுப் பொருள் கண்டுபிடிப்பது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. அந்தக் கதவு தளர்ந்த பிறகு உள்ளே போன தலைமுறையைச் சேர்ந்தவர் மெசிங்.

படிக்கும்போதே அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானார். தகுதிச் சுற்றில் எல் சால்வடாரோடு நடந்த ஆட்டம் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெனால்டி வரைக்கும் போனது. எதிரணி வீரர் பந்தை வைத்துவிட்டு நிற்கும்போது மெசிங் தன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, கத்திக்கொண்டே அவரை நோக்கி ஓடினாராம்; மிரண்டுபோன அந்த வீரர் பந்தை மேலே அடித்துவிட்டாராம். இது மெசிங் பலமுறை சொன்ன கதை. எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று நாம் அளக்கவேண்டாம். அமெரிக்கா தகுதி பெற்றது உண்மை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்த அணி மொராக்கோவோடு 0-0 என்று சமன் செய்தது. மலேசியாவிடம் 3-0, மேற்கு ஜெர்மனியிடம் 7-0 என்று தோற்று வெளியேறியது. சில நாட்களில், செப்டம்பர் 5 அன்று, ஒலிம்பிக் கிராமத்துக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்தார்கள். இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். அதே கிராமத்தில் அப்போது இருந்த யூத வீரர்களில் மெசிங்கும் ஒருவர். பிறப்பு என்ன என்று பார்த்துச் சாவு வரும் இடத்தில் அவர் 22 வயதில் நின்றிருக்கிறார். ஒரே ஒரு நாள் நிறுத்திவைத்துவிட்டுப் போட்டிகளை மீண்டும் தொடங்கினார்கள்.

1973-ல் நியூயார்க் காஸ்மோஸ் அணியில் சேர்ந்தார். இங்கிருந்து தொடங்குகிறது நாம் சொன்ன பட்டியல். அடுத்தது பாஸ்டன் மினிட்மென் அணி. 1976-ல் அதன் உரிமையாளருக்குப் பணமுடை வந்தது; வீரர்களை ஒவ்வொருவராக விற்றார். கடனில் மூழ்கியவர் மாட்டை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் நடந்தது. மெசிங் மறுபடி காஸ்மோசுக்கு விற்கப்பட்டார். மினிட்மென் அந்த ஆண்டோடு முடிந்தது.

விற்கப்பட்டது அவருக்கு நல்லதாகப் போனது. காஸ்மோசில் பெலே ஆடிக்கொண்டிருந்தார். 1977 ஆகஸ்டில் அந்த அணியின் ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று போர்ட்லாந்து நகரில் சியாட்டில் அணியை 2-1 என்று வென்று காஸ்மோஸ் பட்டம் பெற்றது, கோலில் மெசிங். அன்று விழுந்த முதல் கோலைக் கோல்கீப்பர் ஆக நினைக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. சியாட்டில் கோல்கீப்பர் டோனி சர்ஸ்கி பந்தைப் பிடித்துவிட்டார். உதைப்பதற்காகத் தரையில் உருட்டினார். முதுகுக்குப் பின்னால் காஸ்மோசின் ஸ்டீவ் ஹன்ட் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. ஹன்ட் பாய்ந்து பந்தைப் பறித்துக் கோலுக்குள் தள்ளிவிட்டார். சர்ஸ்கி அந்த ஆண்டு தடுத்த பந்துகள் யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த உருட்டல் மட்டும் இன்றும் பேச்சில் இருக்கிறது.

பட்டம் வென்ற கையோடு மெசிங் ஓக்லாந்து ஸ்டாம்பர்ஸ் அணிக்குப் போனார். 1,00,000 டாலர் ஒப்பந்தம் என்று பேசப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த கால்பந்து வீரருக்கு அப்போது கேள்விப்படாத தொகை அது. ஸ்டாம்பர்ஸ் ஓக்லாந்தில் ஆடியது அந்த 1978 பருவம் மட்டும். அடுத்த ஆண்டு கனடாவின் எட்மன்டனுக்கு மூட்டை கட்டியது. பிறகு ராச்செஸ்டர் லான்சர்ஸ். அதுவும் 1980-ல் மூடப்பட்டது.

இதற்கு நடுவில்தான் கூரைக்குள் ஆடும் லீக் பிறந்தது. அதன் விதை 1974-ல் விழுந்தது. மாஸ்கோவின் ராணுவ அணி அமெரிக்காவுக்கு வந்து பிலடெல்பியா அணியோடு ஹாக்கி அரங்கத்துக்குள் ஆடி 6-3 என்று வென்றது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அதில் எர்ல் ஃபோர்மன், எட் டெப்பர் என்ற இருவருக்கு வியாபாரம் தெரிந்தது. பனிக்காலத்தில் வெளி மைதானம் காலி. ஹாக்கி அரங்கங்களிலும் பல இரவுகள் காலி. அந்தக் காலி இரவுகளை நிரப்ப ஆறு அணிகளோடு மேஜர் இண்டோர் சாக்கர் லீக் தொடங்கியது. 1978 டிசம்பர் 22 அன்று, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலந்தில் முதல் ஆட்டம். சின்சினாட்டி அணியில் பங்கு வைத்திருந்த பேஸ்பால் நட்சத்திரம் பீட் ரோஸ் முதல் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். நியூயார்க் ஏரோஸ் 7-2 என்று வென்றது. ஏரோஸ் கோலில் மெசிங்.

1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டும் ஏரோஸ்தான் பட்டம். அதில் பெரும்பங்கு ஸ்டீவ் ஜுங்குல் என்ற யூகோஸ்லாவியருக்கு. தாய்நாட்டு அணியின் சம்மதம் இல்லாமல் அமெரிக்காவுக்கு வந்துவிட்டவர். அதனால் ஃபிஃபாவின் கட்டுப்பாட்டில் இருந்த வெளி மைதானக் கால்பந்து அவருக்கு மூடப்பட்டது. உள்ளரங்க லீக் ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததால் அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. உலகத்தின் பெரிய வாசல் மூடியவர்களுக்குப் பக்கவாசலாக அந்த லீக் இருந்தது. யூகோஸ்லாவியர்கள், போர்த்துக்கீசியம் பேசுகிறவர்கள், பிரேசில்காரர்கள், வெளி மைதானத்தில் இடம் கிடைக்காத அமெரிக்கர்கள் என்று பலர் அந்த வாசல் வழியே வந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்லோபோ இலியெவ்ஸ்கி. மாசிடோனியாவிலிருந்து வந்தவர், செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸ் அணியின் கோல்கீப்பர். மெசிங்குக்கு நேரெதிர்க் கோலில் 1981 இறுதிப் போட்டியில் நின்றது அந்த அணி. ஏரோஸ் வென்றது 6-5 என்று. அடுத்த ஆண்டு இறுதியிலும் இதே இரண்டு அணிகள், முடிவும் அதேதான். இலியெவ்ஸ்கி கோலுக்குள் கட்டுப்பட்டு நிற்கமாட்டார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நடுத்தளம் வரை வந்து ஆட்டத்தை நடத்துவார். கோல் காலியாகக் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த ஊர் ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. ஒரு பருவத்தில் ஸ்டீமர்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேர் வந்தார்கள்.

இவ்வளவு கூட்டம் வந்த லீக் ஏன் நிற்கவில்லை? ஆள் வராததால் மட்டும் அது சாகவில்லை என்பதே நம் எண்ணம். நுழைவுச்சீட்டுப் பணம் அரங்க வாடகைக்கும் விமானச் செலவுக்கும் போய்விட்டது. தொலைக்காட்சியிலிருந்து நிலையான பெரிய வருமானம் வரவில்லை. அணி என்பது பணக்காரர் ஒருவரின் ஆசையாக இருந்தது. ஆசை தீர்ந்தால், அல்லது அவருடைய வேறு தொழிலில் நட்டம் வந்தால், அணிக்கு ஆயுள் முடிந்தது. ஏரோஸ் 1984-ல் போனது. நான்கு முறை பட்டம் வென்ற அணி, கடைசிப் பட்டத்துக்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில். மெசிங் ஆடிய வெளி மைதான லீக்கும் 1985-ல் நின்றது. காஸ்மோசும் அதோடு போனது.

மெசிங் இன்னொரு முறை முயன்றார். 1986-ல் நியூயார்க் எக்ஸ்பிரஸ் என்று புது அணி. இந்த முறை அவர் வெறும் கோல்கீப்பர் இல்லை. அணியின் தலைவர், முதலாளிகளில் ஒருவர். அதே லாங் ஐலந்து அரங்கம். 26 ஆட்டத்தில் 3 வெற்றி, 23 தோல்வி. 1987 பிப்ரவரியில், பருவம் பாதியில் இருக்கும்போதே அணி மூடப்பட்டது. தொழிலாளியாக இருந்து மூடுவிழாக்களைப் பார்த்தவர், முதலாளிப் பக்கத்தில் உட்கார்ந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆளின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு சம்பளப் பட்டியல் ஓடக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1988 கோடையில் லீக்கே மூச்சு முட்டியது. வீரர் சங்கம் சம்பள உச்சவரம்பைக் குறைக்கச் சம்மதித்த பிறகே அடுத்த பருவம் நடந்தது. அப்படியும் செயின்ட் லூயிஸ், கிளீவ்லாந்து, சிகாகோ, மின்னசோட்டா அணிகள் அந்த ஆண்டில் விழுந்தன. 1992 ஜூலையில் லீக் முழுவதுமாக முடிந்தது.

இப்போது மெசிங் எப்படித் தப்பித்தார் என்று பார்ப்போம். அவரிடம் பட்டப்படிப்பு இருந்தது, பேச்சு இருந்தது, ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தது, நியூயார்க்கில் ஆள் பழக்கம் இருந்தது. தொலைக்காட்சியில் கால்பந்து வர்ணனையாளர் ஆனார். ரெட் புல்ஸ் அணியின் ஆட்டங்களில் பல ஆண்டுகள் அவர் குரல்தான் ஒலித்தது. ஆறு அணி, இரண்டு லீக் காலுக்குக் கீழே இடிந்தும் அவர் விழுந்தது மெத்தையில். இதைச் சொல்வதால் அவருடைய திறமையைக் குறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைப் பள்ளி ஆண்டு விழாவில் ‘படிப்பையும் விடாதே, விளையாட்டையும் விடாதே’ என்ற உபதேசமாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. படித்ததால் அவர் தப்பித்தார் என்பது பாதி உண்மை. படிப்பு, மொழி, ஊர், உறவு எல்லாம் ஒருவருக்கு மொத்தமாகக் கிடைத்திருந்தது என்பது மீதி.

அந்த மெத்தை இல்லாதவர்களும் அதே சுவருக்குள் அதே பந்தைத்தான் தடுத்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் ஒன்றே தொழில். மொசாம்பிக்கில் பிறந்த விக்டர் நொகேராவைப் பாருங்கள். சிகாகோ, கிளீவ்லாந்து, சான் டியேகோ, மில்வாக்கி என்று ஊர் ஊராகக் கோலில் நின்றவர். லீக் மூடினால் அடுத்த லீக். சான் டியேகோவில் பட்டங்கள், பிறகு மில்வாக்கியிலும் பட்டங்கள். நாற்பது வயதைத் தாண்டியும் சுவரிலிருந்து திரும்பும் பந்துக்கு விழுந்து எழுந்தார். அவ்வளவு திறமைக்கும் ஒரே ஊரில் ஒரே கூரை நிலைக்கவில்லை. இலியெவ்ஸ்கியோ ஸ்டீமர்ஸ் அணியோடு அதன் கடைசி வரை இருந்தார். 2008 ஜூலையில், 58 வயதில், கலிபோர்னியாவில் மூத்தோர் ஆட்டம் ஒன்றில் ஆடும்போது மயங்கி விழுந்து இறந்தார்.

அமெரிக்கக் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டிலும் கால்பந்து ஒரு காலத்தில் வேறு கூரைக்குக் கீழே இருந்தது. சென்னையில் இந்தியன் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே போன்றவை தங்களுக்கு அணி வைத்திருந்தன. நன்றாக ஆடும் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். ஆட்டம் முடிந்தாலும் மேசை இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். பெரிய சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆனால் முட்டி உடைந்த அன்று வீட்டில் அடுப்பு அணையாது. குடிசைப் பகுதியிலிருந்தும் சேரியிலிருந்தும் வந்த எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு வேலையில் தலை நிமிர்ந்தன. பிறகு தனியார் லீக் வந்தது. வெளிச்சமும் பணமும் வந்தன. அது வந்ததில் நமக்கு வருத்தமில்லை. வங்கியும் ரயில்வேயும் எடுக்காத பிள்ளைகளையும் அது எடுத்தது.

ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது? இந்தியன் சூப்பர் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பு பற்றி முடிவு இல்லாததால் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல்நிலை அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் ஒரு தாளில் கையெழுத்து விழவில்லை; மைதானத்தில் நிற்பவன் வீட்டுக்குப் பணம் வரவில்லை. வீரர்கள் செய்த தவறு இதில் எது?

மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பதக்கத்தோடு வருகிறவர்களுக்கே அந்த வாசல் திறக்கும். கிளப்பில் நான்கு ஆண்டு மாற்றுக் கோல்கீப்பராக உட்கார்ந்திருந்து, காலில் அடிபட்டு 26 வயதில் ஊருக்குத் திரும்பும் பிள்ளைக்கு அது எட்டாது. குறிப்பாகக் கோல்கீப்பர்களின் நிலைமை மோசம். ஓர் அணியில் மற்ற இடங்களுக்குப் பத்துப் பேர் ஆடுவார்கள், கோலில் ஒருவர்தான். இரண்டாவது ஆள் பருவம் முழுக்கப் பெஞ்சில் இருப்பார். அவருக்கு எண்ணிக்கையில் காட்ட ஆட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு லீக் தொடங்கும் முன்பே, அதில் சேரும் ஒவ்வொரு அணியும் அந்தப் பருவத்தின் மொத்தச் சம்பளத்துக்கும் வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும். அணி பாதியில் மூடினால் வீரரின் பணம் அந்த உத்தரவாதத்திலிருந்து வரவேண்டும். முதலாளியின் மனசாட்சியிலிருந்து வரவேண்டாம். சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் வைப்புத்தொகை வாங்காமல் பஞ்சாயத்து ஒரு கல்வெட்டு வேலைகூடக் கொடுப்பதில்லை. மனிதரின் முட்டியையும் விரலையும் வைத்து நடக்கும் தொழிலுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பதில் என்ன நியாயம்?

இரண்டாவது, ஒப்பந்தத்தின் மொழி. பதினெட்டு வயதில், அணியில் இடம் கிடைத்த சந்தோஷத்தில், ஆங்கிலத்தில் பல பக்கம் அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுகிறான் பிள்ளை. அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அணி ஊர் மாறினால் தன் நிலை என்ன, நடுவில் விற்றால் தன் சம்மதம் வேண்டுமா, எத்தனை நாள் சம்பளம் வராவிட்டால் விலகிப் போகலாம், இதெல்லாம் அந்தத் தாளில் எங்கோ இருக்கிறது, அல்லது இல்லாமல் இருக்கிறது. ஹார்வர்டில் படித்தவர் அதைத் தானே படித்துக்கொள்வார். கூலிக்குப் போய்ப் பிள்ளைக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்த தகப்பனுக்கு யார் படித்துச் சொல்வது? மாவட்டக் கால்பந்துச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, தங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வரும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யவேண்டும். ஆண்டுக்கு ஒரு மாவட்டத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் இப்படி ஒப்பந்தம் வரப்போவதில்லை. வரும் பருவத்துக்கான தேர்வு முகாம்கள் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம்.